மலைமேல் அறுபது குச்சி

3417-ஐக் காணோம்.

சேது மலைச்சரிவில் குத்தவைத்து உட்கார்ந்து, குச்சி இருந்த இடத்தை முறைத்துப் பார்த்தான். மூன்று நாள் முன்னால் அவன் கையால் அடித்து இறக்கி, நேற்று மத்தியானம்கூட நின்ற குச்சி. இரண்டடி நீளம், தலையில் சிவப்புப் பெயிண்ட், அதற்குக் கீழே கறுப்பில் நாலு இலக்க எண். இப்போது அங்கே குழி மட்டும்தான் இருந்தது.

"பன்னியா இருக்கும் தம்பி," என்றார் சோமு. மெராந்தி ரப்பர் தோட்டத்தில் இருபது வருஷமாகப் பால் வெட்டுகிறவர். சேதுவுக்குப் புதர் வெட்டிக் கொடுப்பதற்காகத் தோட்ட நிர்வாகம் ஒரு மாதத்துக்கு அனுப்பி வைத்த ஆள்.

"பன்னி குச்சியப் பிடுங்கித் தின்னுமாண்ணே?"

"பெயிண்டு வாசனைக்குத் தின்னாலும் தின்னும்."

"அப்ப பதினாறையும் பதினெட்டையும் ஏன் விட்டுட்டுப் போச்சு?"

சோமு குழிக்குள் எட்டிப் பார்த்தார். "வயிறு நெறஞ்சிருக்கும்."

சேதுவுக்குக் காது சூடேறியது. பொதுவாகவே கோபம் அவனுக்கு மூக்கு நுனியில்தான் இருக்கும். இந்த மலைக்கு வந்த ஒரு வாரத்தில் அது அங்கிருந்து இறங்கவே இல்லை. கோபப்பட அவனுக்குக் காரணமும் இருந்தது.

கல்லையும் மண்ணையும் ஆராயும் அரசாங்க அலுவலகம் ஒன்றில் அவன் ஆறு வருஷமாகத் தற்காலிக உதவியாளன். ஆறு வருஷமாகச் சுத்தியலும் காம்பஸுமாகக் காடு மலை ஏறுகிறான். சம்பளத் தாளில் மட்டும் 'தற்காலிகம்' என்ற சொல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. ரவாங்கில் அவன் கட்டிக்கொள்ளக் காத்திருக்கும் அமராவதியின் அப்பாவும் மூன்று தடவை சொல்லிவிட்டார், "வேலை நிரந்தரமாகட்டும் தம்பி, அப்புறம் கல்யாணத்தப் பத்திப் பேசலாம்" என்று. மூன்றாவது தடவை சொன்னபோது அவர் தேத்தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

இப்போதுதான் ஒரு வழி பிறந்திருந்தது. வடக்கே போகும் புதிய நெடுஞ்சாலைக்குக் கல் வேண்டும். மெராந்தித் தோட்டத்தின் பின்னால் இருக்கும் மலையில் நல்ல கருங்கல் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் வேலை சேதுவிடம் வந்தது. வரைபடத்தில் முப்பத்து நான்காம் கோடு. பத்து மீட்டருக்கு ஒரு குச்சியாக அறுபது குச்சி. ஒவ்வொரு குச்சியிடமும் கல்லை உடைத்து, துணிப்பையில் போட்டு, குச்சியின் எண்ணையே பையிலும் எழுத வேண்டும். இருபத்தெட்டாம் தேதி மேலதிகாரி டாக்டர் ரோஸ்லான் வந்து கோட்டின்மேல் நடந்து பார்ப்பார், துளை போடும் இயந்திரத்துக்கு இடம் குறிப்பார். கோடு ஒழுங்காக இருந்தால் சேதுவின் நிரந்தரப் பத்திரத்தில் அங்கேயே கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருந்தார்.

அறுபது குச்சியும் நிற்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். அதில்தான் இந்தப் பன்றி கை வைத்திருக்கிறது.

பன்றியைக் காலைப் பசியாறும் நேரத்தில், தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்திலேயே கண்டுபிடித்தார்கள். வேலம்மாவின் வீட்டு ஜன்னல் கம்பியில் 3417 சொருகியிருந்தது.

வேலம்மா ஐம்பதைத் தொட்டவள். தோட்டத்தில் அவள் சொன்னால் ஆள்களை மேய்க்கும் மண்டோர்கூட மறுபேச்சு பேசமாட்டார். வாசலில் உட்கார்ந்து பால் சுமக்கும் காண்டாவாளியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் குச்சிய யார் எடுத்தது?" என்று சேது தொண்டை கிழியக் கத்தினான்.

"நாந்தான் தம்பி எடுத்தேன். வாங்க, உக்காருங்க. கேசரி கிண்டியிருக்கேன்."

"அது அரசாங்கக் குச்சிம்மா!"

"அதான் அடிச்சிருக்கு! நேத்து விறகுக்குப் போனப்பப் பார்த்தேன். நாலு நம்பரு, பளபளன்னு. சாயங்காலமே டவுனுக்கு ஆள் விட்டு எழுதினேன். ஆறுதல் பரிசு அடிச்சிருச்சு லா தம்பி!"

நாலு இலக்க லாட்டரி ஓடும் இந்த நாட்டில் நாலு இலக்கத்தைக் கண்டால் ஜனங்கள் என்ன செய்வார்கள் என்று சேதுவுக்குத் தெரியாதா? லோரி கவிழ்ந்தால் அடிபட்டவனைத் தூக்குவதற்கு முன்னால் லோரி நம்பரைக் குறித்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். எல்லாம் தெரிந்தும் மலை முழுக்க 3401 முதல் 3460 வரை தானே எழுதி நட்டிருக்கிறோமே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

"நம்பரு வேணும்னா எழுதிக்கிட்டுப் போகவேண்டியதுதானே? குச்சிய ஏன் பிடுங்கணும்?"

"விட்டுட்டு வந்தா அடுத்தவ பார்த்துருவா இல்ல? எல்லாரும் ஒரே நம்பர எழுதினா கடையில சோல்ட் அவுட்டுன்னுருவான்." வேலம்மா கேசரித் தட்டை அவன் கையில் திணித்தாள். "உங்களுக்கு எந்தத் தோட்டம் தம்பி?"

"புக்கிட் பெருந்துங் பக்கம். இப்ப இல்ல, வித்துட்டாங்க."

"அங்க இருந்தவங்கள்லாம்?"

"எங்கெங்கயோ போயிட்டாங்க. அதுக்கும் இதுக்கும் என்னம்மா? குச்சியக் குடுங்க!"

வேலம்மா குச்சியைக் கொடுத்துவிட்டாள். கேசரியில் முந்திரி நிறையப் போட்டிருந்தாள். கோபத்தோடு தின்றாலும் நன்றாகத்தான் இருந்தது. அதுவும் சேதுவுக்கு எரிச்சலாக இருந்தது.

நேராகத் தோட்டக் கணக்கரான கிராணி நாராயணசாமியிடம் போனான். கிராணியார் தோட்ட அலுவலகத்தில் இரண்டு மின்விசிறிகளுக்கு நடுவே வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நாளைக்குக் காலைல பெரட்டுல சொல்லிடுங்க சார். மலையில இருக்கிற குச்சிய ஒருத்தரும் தொடக்கூடாது."

"சொல்லிட்டாப் போச்சு. நீங்க போயி நிம்மதியா வேலையப் பாருங்க."

மறுநாள் விடியற்காலையில் பேர் பதியப் பெரட்டுக்கு வரிசையாக நின்ற நூற்றிருபது பேருக்கு முன்னால் கிராணியார் பெஞ்சின்மேல் ஏறினார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு தாளை விரித்தார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க! மலையில அரசாங்கக் குச்சி இருக்கு. நம்பர் போட்டிருக்கு. அந்த நம்பர யாரும் எடுக்கக்கூடாது! எந்தெந்த நம்பர்னு சொல்றேன், தெரியாதுன்னு யாரும் சொல்லிறக்கூடாது. மூணு நாலு பூஜ்யம் ஒண்ணு! மூணு நாலு பூஜ்யம் ரெண்டு!"

அறுபதையும் வாசித்தார். பின்வரிசையில் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை என்றதும் இன்னொரு தடவை வாசித்தார்.

சாயங்காலத்துக்குள் முப்பத்தொரு குச்சிகள் போய்விட்டன. புகார் சொல்ல சேது ஓடிவந்தபோது கிராணியாரின் மேஜையில் கோப்புக்கு மேலே கனத்துக்காக 3422 கிடந்தது.

"சார்! நீங்களுமா?"

கிராணியார் குச்சியின்மேல் கையை வைத்து மறைத்தார். "என் மகளோட அடையாளக் கார்டுல கடைசி நாலு நம்பரு இதுதான் தம்பி. விட மனசு வரல."

சேது மேஜையில் ஓங்கிக் குத்தினான். வலி முழங்கை வரைக்கும் ஏறியது. திரும்பி மலைக்கு நடந்தான். காம்பஸையும் சங்கிலியையும் வைத்து மறுபடி அளந்து, முப்பத்தொரு குச்சியைப் புதிதாகச் சீவி அடிக்க நாலு நாள் ஆயிற்று. அந்த நாலு நாளும் அவன் சோமுவோடு சரியாகப் பேசவில்லை. கல்லோடு மட்டும்தான் பேசினான்.

கல்லிடம் அவனுக்குக் கோபம் வருவதில்லை. வெளியே மக்கிப் பழுப்பேறிக் கிடக்கும் பாறையைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் உள்ளே புதுமுகம் தெரியும். லென்ஸைக் கண்ணருகே வைத்துப் பார்ப்பான். பால் நிறத்தில் ஒரு மணி, கண்ணாடியாக ஒரு மணி, இடையிடையே கறுப்பாக மினுங்கும் தகடு. பூமிக்கு அடியில் உருகிக் கிடந்து, ஆறி இறுகி, மேலே இருந்த மண் கரையக் கரைய வெளியே வந்த கல். இருபது கோடி வருஷம். அத்தனை வருஷம் பொறுமையாகக் கிடந்த கல்லுக்கு மூன்று வாரம் பொறுமையாக இருக்கத் தெரியாதா என்ன; இந்த மனுஷங்களால்தான் தொல்லை என்று நினைத்துக்கொள்வான்.

"கல்லு நல்ல கல்லா தம்பி?" என்று சோமு ஒருநாள் கேட்டார்.

"அருமையான கல்லுண்ணே. விரிசலே இல்ல. இந்த ஜில்லாவிலயே இப்படிக் கல்லு கிடையாது."

"அப்படியா?" என்றார் சோமு. அவர் முகம் ஏனோ வாடிப்போயிற்று. பிறகு கத்தியைத் தீட்டிக்கொண்டே, "தம்பி, குச்சியில எழுதறதாலதான பிடுங்கறாங்க? பாறையிலயே எழுதிட்டா? பாறைய யாரு தூக்குவா?" என்றார்.

சேதுவுக்குச் சோமுவைக் கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. குச்சிகளில் இருந்த எண்களை எல்லாம் அழித்துவிட்டு, பக்கத்துப் பாறையில் உள்ளங்கை அகலத்துக்கு எழுதினான். இரண்டு டின் சிவப்புப் பெயிண்ட் செலவாயிற்று.

மூன்றாம் நாள் காலையில் பாறைகள் எல்லாம் பளிச்சென்று இருந்தன. அப்படிப் பளிச்சென்று அவை இருபது கோடி வருஷத்தில் இருந்ததில்லை. சுற்றிலும் தேங்காய் நாரும் சாம்பலும் சிதறிக் கிடந்தன. வேலம்மாவும் இன்னும் ஏழெட்டுப் பெண்களும் இடுப்பில் சேலையைச் சொருகிக்கொண்டு கடைசிப் பாறையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னம்மா பண்றீங்க?"

"எழுதின நம்பர அழிக்கிறோம் தம்பி. மத்தவங்க கண்ணுல பட்டுருமே."

"எல்லாரும்தான் இங்கயே இருக்கீங்களே! யாரு கண்ணுல படணும்?"

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "பக்கத்துத் தோட்டத்துக்காரங்க மோசமானவங்க," என்றாள் வேலம்மா.

தேய்த்த தேய்ப்பில், சேது கல் உடைத்த இடத்துக்குப் போட்டிருந்த அடையாளங்களும் போய்விட்டன. பெயிண்ட் போகாத இடங்களில் மண்வெட்டியால் கொத்தியிருந்தார்கள். அவன் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான். இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

"படம் வரையத் தெரியுமா தம்பி?" என்று சோமு மெதுவாகக் கேட்டார்.

"எதுக்கு?"

"நம்பருக்குப் பதிலா படம் போட்டுருங்களேன். மீனு, கொடை, பானை. எந்தப் படம் எந்த நம்பர்னு உங்க புத்தகத்துல மட்டும் எழுதி வச்சுக்குங்க. படத்தப் பார்த்தா யாருக்கு என்ன தெரியப்போகுது?"

அந்த யோசனையில் சேதுவுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. கோபம் ஒருவனுக்கு நிறையச் செய்யும். நிதானமாக யோசிக்க மட்டும் விடாது. இரண்டு நாள் உட்கார்ந்து புதுக் குச்சிகளில் அறுபது படம் வரைந்தான். மீன், குடை, யானை, கத்தி, வாழைப்பழம். முப்பதுக்கு மேல் வரையும்போது படங்களுக்கும் பொருள்களுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை.

அவன் மறந்துபோனது ஒன்றே ஒன்று. இந்த நாட்டில் கனவுப் புத்தகம் என்று ஒன்று உண்டு. கனவில் எது வந்தாலும், பாம்போ பல்லியோ பெண்டாட்டியோ, அதற்கு நாலு இலக்க எண் அதில் போட்டிருக்கும்.

மறுநாள் மத்தியானம் அவன் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது ஒரு கூட்டமே மலை ஏறி வந்தது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு குச்சி. முன்னால் வேலம்மா, பின்னால் புத்தகத்தை விரித்துப் பிடித்தபடி கிராணியார்.

"தம்பி, இது வாத்தா, கோழியா?" என்றாள் வேலம்மா.

சேது நிமிர்ந்து பார்த்தான்.

"நான் வாத்துங்கறேன், இவ கோழிங்கறா. ரெண்டுக்கும் வேற வேற நம்பரு."

"என்னோடது மீனா, முதலையா தம்பி?" என்றார் ஒரு பெரியவர்.

"தம்பி, இதுல கால் இருக்கு," என்று கிராணியார் சந்தேகப்பட்டார். "மீனுக்குக் கால் இருக்காதே?"

"அது கொக்கு!" என்று சேது கத்தினான். "அது எல்லாமே கொக்கு! போங்க!"

"கொக்குக்கு எத்தனாம் பக்கம்?" என்று கேட்டுக்கொண்டே கூட்டம் இறங்கிப்போயிற்று. குச்சிகளும் கூடவே போயின.

அப்போதுதான் சேதுவுக்கு உள்ளே ஏதோ அறுந்தது. சோற்றை அப்படியே வைத்துவிட்டுப் பின்னாலேயே ஓடினான். லயத்து முச்சந்தியில் தண்ணீர்க் குழாய் மேடையில் ஏறி நின்றான்.

"உங்களயெல்லாம் திருத்தவே முடியாது!" என்று அலறினான். "நானும் லயத்துல பொறந்தவன்தான். சொல்லவே வெக்கமா இருக்கு! தாத்தா காலத்துல இருந்து நீங்கள்லாம் ஏன் இங்கயே கிடக்கிறீங்க தெரியுமா? இதுதான் காரணம்! புத்தி இல்ல! உழைச்சு முன்னேறணும்னு இல்ல, நாலு நம்பர் வந்து தூக்கிவிடணும்! ஒரு மனுஷன் ஆறு வருஷம் கஷ்டப்பட்டு ஒரு வேலைய வாங்கப் பார்க்கிறான், அவன் வயித்துல அடிக்கிறீங்களே, உங்களுக்கெல்லாம் நெஞ்சுல ஈரமே கிடையாதா?"

யாரும் சிரிக்கவில்லை. வேலம்மாவின் கண் கொஞ்சம் கலங்கினமாதிரி இருந்தது. சேதுவுக்கு ஒரு கணம் வார்த்தை கூடிவிட்டதோ என்று தோன்றியது.

வேலம்மா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"தம்பி, உங்களுக்குப் பொறந்த தேதி என்ன?"

சேது மேடையிலிருந்து இறங்கினான். தன் மோட்டார் சைக்கிளில் ஏறி உதைத்தான். வண்டி உடனே கிளம்பவில்லை. அது கிளம்புவதற்குள் அதன் நம்பரையும் இரண்டு பேர் எழுதிக்கொண்டார்கள்.

கடைசி யோசனையும் சோமுவுடையதுதான். "எதையுமே எழுதாம வெறுங்குச்சியா அடிச்சுருங்க தம்பி. வரிசை நம்ம மனசுல இருக்கட்டும்."

இருபத்தாறாம் தேதி சேது கடைசி வெறுங்குச்சியை அடித்தான். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். ஆனாலும் உச்சியில் நின்று பார்க்கையில் அறுபதும் ஒரே கோட்டில் நிமிர்ந்து நின்றன. எண் இல்லை, படம் இல்லை, பெயிண்ட்கூட இல்லை. இதில் எவன் எதைக் கண்டுபிடிப்பான்? அன்றைக்குத்தான் அவன் மூன்று வாரத்தில் முதல்முறையாகச் சோமுவுக்கு ஒரு சிகரெட் வாங்கிக் கொடுத்தான்.

இருபத்தெட்டாம் தேதி காலை பத்து மணிக்கு லேண்ட் ரோவர் வந்து நின்றது. டாக்டர் ரோஸ்லான் முழங்கால் வரைக்கும் பூட்ஸ் போட்டுக்கொண்டு இறங்கினார். கையில் கோப்பு. கோப்புக்குள் சேதுவின் பத்திரம். அதன் நுனி வெளியே தெரிந்தது.

"எங்கே சேது, உன் கோடு?"

"வாங்க டாக்டர், இந்தப் பக்கம்," என்று சேது முன்னால் நடந்தான்.

முதல் குச்சி இருந்த இடத்தில் குழி இருந்தது. இரண்டாவது இடத்திலும் குழி. டாக்டர் தொடர்ந்து நடந்தார். பத்தாவது குழியில் நின்றார். மேலே நிமிர்ந்து மலையைப் பார்த்தார். வரிசையாக ஐம்பது குழிகள் உச்சி வரைக்கும் போயின.

"குழி வெட்டவா உன்னை அனுப்பினேன்?"

"நேத்து சாயங்காலம்கூட இருந்துச்சு டாக்டர்! சத்தியமா! இவங்க... சோமு அண்ணே, நீங்களாவது சொல்லுங்க!"

சோமு தலையைச் சொறிந்தார். "வெறுங்குச்சின்னா சாமி இன்னும் நம்பர் எழுதலன்னு அர்த்தமாம் தம்பி. தலைமாட்டுல வச்சுப் படுத்தா கனவுல நம்பர் வருமாம். அதுக்காக எடுத்துட்டுப் போயிட்டாங்க."

டாக்டருக்குத் தமிழ் தெரியாது. சேது மலாயில் சொன்னான். சொல்லச் சொல்ல, அது அவனுக்கே பச்சைப் பொய்போல இருந்தது. டாக்டர் கிராணியாரைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"கீலா நொம்போர், துவான்," என்று கிராணியார் கையைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்தார். எண் பைத்தியம், ஐயா என்று அர்த்தம். "நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டேன்."

அதற்குள் கீழே பேச்சுச் சத்தம் கேட்டது. லேண்ட் ரோவரைச் சுற்றி ஒரு கூட்டம். வேலம்மா கரித்துண்டால் வண்டி நம்பரைத் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டிருந்தாள். இன்னொருவர் வண்டிக்கு அடியில் படுத்து இஞ்சின் நம்பரை வாசித்தார். மூன்றாமவர் நம்பர் பலகையைக் கழற்ற ஸ்பேனர் கொண்டுவந்திருந்தார்.

டாக்டர் ரோஸ்லான் அமைதியான மனிதர் என்று அலுவலகத்தில் பெயர். அன்றைக்கு அந்தப் பெயர் போயிற்று.

"இங்கேயா துளை போடும் இயந்திரத்தைக் கொண்டு வரச் சொல்கிறாய்? அதில் ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு நம்பர் இருக்கிறது! ஒரே வாரத்தில் ஆணி ஆணியாகக் கழற்றிவிடுவார்கள்!" அவர் முகம் ரத்தமாகச் சிவந்தது. "சாலை போடும் நிறுவனத்துக்கு இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு மலை இருக்கிறது. காடுதான், ஒரு குடி கிடையாது. கல் கொஞ்சம் மட்டம்தான், பரவாயில்லை. அங்கே நம்பர் எடுக்க ஆள் இல்லையே, அது போதும். இந்த மலை வேண்டாம் என்று எழுதிவிடுகிறேன்."

"டாக்டர், இங்கதான் கல்லு..."

"கல் பற்றி எனக்குச் சொல்லாதே!"

"என்னோட பத்திரம், டாக்டர்?"

டாக்டர் வெளியே நீட்டிக்கொண்டிருந்த தாளின் நுனியை விரலால் கோப்புக்குள் தள்ளினார். "அறுபது குச்சியைக் காப்பாற்ற முடியாதவனுக்கு நிரந்தரமா? அடுத்த வருஷம் பார்க்கலாம்."

லேண்ட் ரோவர் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. சேது வழியிலேயே நின்றான். அடுத்த வருஷம். அமராவதியின் அப்பா அடுத்த வருஷம் வரைக்கும் காத்திருக்கப்போவதில்லை என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். அழுகை வரும் போலிருந்தது, ஆனால் வந்தது கோபம்தான்.

துணிப்பைகளை மோட்டாரில் கட்டும்போது வேலம்மா வந்தாள். ஒரு தூக்குச்சட்டியை நீட்டினாள். "கோழிக் கறியும் சோறும் தம்பி. வழியில சாப்பிடுங்க. நீங்க நல்லா இருக்கணும்."

"உங்க நம்பர் அடிச்ச சந்தோஷமா?" என்று சேது பல்லைக் கடித்தான்.

"ஆமா தம்பி," என்றாள் வேலம்மா. "பெரிசா அடிச்சிருச்சு."

அவளுக்குப் பின்னால் லயமே நின்று அவனை வழியனுப்பிக்கொண்டிருந்தது. அத்தனை முகத்திலும் சிரிப்பு. சோமு கும்பிட்டார். சேது யாரையும் திரும்பிப் பார்க்காமல் மோட்டாரை முறுக்கினான்.

டவுனுக்குள் நுழையும்போது நம்பர் கடைப் பலகை கண்ணில் பட்டது. சனிக்கிழமை. கடை திறந்திருந்தது. தாண்டிப்போனவன் பிரேக் போட்டான். மலை முழுக்கத் தன் கையால் எழுதிய எண்கள். தோட்டமே அதில் சம்பாதிக்கிறது, எழுதியவன் மட்டும் வெறுங்கையோடு போவதா? பிறந்ததிலிருந்து ஒரு நம்பரும் எடுக்காத சேது, மோட்டாரை ஓரமாக நிறுத்திவிட்டு உள்ளே போனான்.

கம்பிக்குப் பின்னால் லீலாவதி என்று சட்டையில் பெயர் குத்திய பெண் நகம் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மூணு நாலு ஆறு பூஜ்யம்," என்றான் சேது. சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. "வித்துப் போயிருக்குமே? மெராந்தித் தோட்டத்து ஆளுங்க எல்லாம் வாரிக்கிட்டுப் போயிருப்பாங்க."

லீலாவதி பட்டியலைப் பார்த்தாள். "இல்லயே சார். நீங்கதான் மொதல் ஆளு."

"அப்ப மூணு நாலு ஒண்ணு ஏழு? ஆறுதல் பரிசு அடிச்சுதே?"

"அது இந்த வருஷம் அடிச்சதாவே தெரியலயே."

"வேற கடையில எழுதறாங்களா?"

"இந்த டவுனுக்கே இது ஒண்ணுதான் சார் கடை." லீலாவதி கடித்த நகத்தைத் துப்பிவிட்டு நிமிர்ந்தாள். "மெராந்தியில இருந்து இந்த மாசம் ஒருத்தர்கூட நம்பர் எடுக்க வரல, போன மாசம் வேலம்மான்னு ஒரு அக்கா மட்டும் வந்து, நம்பர் பைத்தியம் பிடிச்சவங்க எப்படியெல்லாம் நடந்துக்குவாங்கன்னு ஒரு மணி நேரம் கேட்டுட்டுப் போனாங்க, மலைய உடைச்சா லயத்தையும் உடைச்சிருவாங்களாம்."